அம்மாவைக் காட்டி வாங்கிய வீடு

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் தஞ்சாவூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டம் நெருக்கியடிக்கும். பேர் என்ன, வயசு என்ன, எந்த ஊர் என்று காலை முழுக்கக் கேட்டுக் கேட்டு எழுதுவேன். மாலையானால் என்னைக் கேட்பார்கள். நான் வீடு தேடி அலைந்த காலம் அது.

"எந்த ஊரும்மா?"

"குடவாசல் பக்கங்க."

"குடவாசல் பக்கம்னா?"

ஊர் பேரைச் சொல்வேன். அதோடு விடமாட்டார்கள். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெருப் பெயர் ஒன்று போதும், வேறு எந்த அத்தாட்சியும் வேண்டாம். எங்கள் தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதைச் சொன்னதும் எதிரே நிற்பவரின் முகத்தில் ஒன்றும் மாறாது. அதைத்தான் நான் கவனித்து வைத்திருக்கிறேன், முகம் மாறவே மாறாது. "அடடா, நேத்துதாம்மா ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். தஞ்சாவூரில் அந்த 'நேத்து வந்த ஒருத்தர்' எனக்கு முன்னால் போய் எத்தனை வீட்டுக்குத்தான் அட்வான்ஸ் கொடுத்தாரோ! ஆள் பெரிய பணக்காரராக இருக்க வேண்டும்.

கீழவாசலில் ஒருவர் கரை வேட்டி கட்டியிருந்தார். கூடத்துச் சுவர் முழுக்கத் தலைவர்களின் படங்கள். நான் தெருப் பெயரைச் சொன்னதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம ஆட்சியிலே இதெல்லாம் கேக்கவே கூடாதும்மா. எனக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது" என்று சொல்லி, வீட்டுக்குள் கூப்பிட்டு டம்ளரில் மோர் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா பக்கத்துல குடியிருக்கிறவங்க இருக்காங்க பாருங்க, அவங்க இன்னும் அந்த அளவுக்கு வளரல" என்றார். பக்கத்துப் போர்ஷனில் இருந்த பெண் அப்போது கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தாள். வளராதவள் அவள்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருவைக் கேட்காத வீடுகளும் உண்டு. அங்கே வாடகைதான் தடுக்கும். கல்லூரிகளும் ஆபீஸ்களும் வந்து, வெளியூரிலிருந்து உத்தியோகஸ்தர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்ததால் ஒற்றை அறையும் அடுப்படியும் கொண்ட பின்கட்டுக்குக்கூட என் சம்பளத்தில் பெரும்பங்கைக் கேட்டார்கள். என் வேலையோ தற்காலிகம். நிரந்தரமானவள் லீவில் போனாள், நான் வந்தேன். அவள் திரும்பி வரவில்லை, நான் போகவில்லை, அவ்வளவுதான்.

அதுவரை எனக்குத் தங்க இடம் கொடுத்திருந்தது பிரசவ வார்டில் ஆயா வேலை பார்த்த ஓர் அக்கா. வடவாற்றங்கரையில் அவளுக்கு ஓட்டு வீடு. அதில் அவள், அவள் புருஷன், மகன். எனக்கு அடுப்படியில் பாய். காலையில் அடுப்புப் பற்றவைக்க அக்கா வருவதற்கு முன்னால் எழுந்து பாயைச் சுருட்டிவிடுவேன். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் தை மாதம் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். மருமகள் வரும்போது அடுப்படியில் நான் படுத்திருக்க முடியாது. மார்கழியில் எவரும் வீடு மாற மாட்டார்கள், வீட்டுக்காரர்கள் சாவியைத் தரவும் மாட்டார்கள். ஆகவே கார்த்திகைக்குள் வீடு அகப்பட்டாக வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு நான் தெருத் தெருவாக நடந்தது அதனால்தான்.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அம்மா. ஆறாம் வகுப்பிலிருந்து நான் ஹாஸ்டல் பிள்ளை. லீவுக்கு ஊருக்குப் போனாலும் அம்மா நடவுக்கோ களைக்கோ போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவாள். அப்பா கூலிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய்வந்து, வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா அந்தக் கொட்டகையில் தனியாக இருந்தாள், நான் ஹாஸ்டலில் நூறு பிள்ளைகளோடு தனியாக இருந்தேன். வேலை கிடைத்த அன்று எனக்கு வந்த ஒரே எண்ணம், இனி ஒரு வீடு எடுத்து அம்மாவோடு இருக்கலாம் என்பதுதான். மற்றவர்களுக்கு அது சாதாரணமாக நடப்பது. நான் அதற்குப் பத்து வயதிலிருந்து ஏங்கியிருக்கிறேன்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவும் அதையேதான் கேட்பாள். "வூடு பாத்துட்டியாடி?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்மா."

"கொல்லைப்பக்கம் ரெண்டு கத்திரிச் செடி வைக்க எடம் இருக்கான்னு பாரு."

டவுனில் மனுஷியை வைக்கவே இடம் இல்லை, இவளுக்குக் கத்திரிச் செடிக்கு இடம் வேண்டும் என்று எரிச்சலாக வரும். ஆனாலும் பார்க்கும் வீட்டிலெல்லாம் கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

கார்த்திகை பிறந்த பிறகு மானம்புச்சாவடியில் ஒரு வீடு இருப்பதாக அக்கா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். வீட்டுக்காரி பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. முன்கட்டில் அவள் இருந்தாள். பின்கட்டில் ஓர் அறை, ஓர் அடுப்படி, பொதுவாக ஒரு கிணறு, சுற்றிலும் சுவர் வைத்த சின்னக் கொல்லை. வாடகையும் என்னால் தாங்கக்கூடியதுதான். அந்தம்மா என் ஊரைக் கேட்டாள், தெருவைக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வேறொன்று கேட்டாள்.

"கூட யாரு இருப்பாங்க?"

"எங்கம்மா இருப்பாங்க."

"இருப்பாங்கன்னா? வந்து போவாங்களா, தங்குவாங்களா?"

"தங்குவாங்க."

"கூட்டிக்கிட்டு வா, பாக்கறேன். தனியா இருக்கிற பொண்ணுக்கு நான் வீடு விடறதில்ல. உன்னத் தப்பா நெனைக்கலம்மா. நானே தனியா இருக்கிறவ. இந்தத் தெரு என்ன பேசும்னு எனக்குத்தான் தெரியும்."

பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணைக் காட்டச் சொல்வார்கள். எனக்கோ அம்மாவைக் காட்டினால்தான் வீடு. மறு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டி, தலையில் எண்ணெய் வழிய வழிய வாரிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வழியெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அதிகம் பேச வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, வெற்றிலையைத் துப்பிவிடு.

அம்மா துப்பிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் வாயை அடக்கவில்லை. பின்கட்டுக்குள் நுழைந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கிணற்றடியில் நின்று, வீட்டுக்காரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "இந்தக் கெணத்துல நாங்க தண்ணி எறைக்கலாங்களா? நாங்க வாய்க்காலுக்கு அந்தாண்ட உள்ள ஆளுங்க. பின்னாடி தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாது."

அத்தனை வாரம் நான் அலைந்ததை ஒரே மூச்சில் ஊதி அணைத்துவிட்டாளே என்று நின்றேன். வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்தாள். பிறகு, "கெணறு எதுக்கு இருக்கு? எறைக்கத்தானே?" என்றாள். வாளியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா ஒரு வாளி இறைத்து, முகம் கழுவி, மீதியைக் கொல்லையில் ஊற்றினாள். சாவி எங்கள் கைக்கு வந்தது.

அன்றைக்கே நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். அக்கா வந்திருந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அம்மா அதைத் துடைக்கவிடவில்லை. சாயங்காலம் விளக்கைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். அணைத்துப் போட்டுப் பார்க்கிற அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுத்தோம். அவள் மேல் புகையிலை வாசமும் வைக்கோல் வாசமும் கலந்து வீசியது. இனி இது தினமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

விடிந்ததும் அம்மா பையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போற?"

"ஊருக்குத்தான். ஒங்கிட்ட நேத்தே சொன்னா நீ அழுவ, அதான் சொல்லல."

அப்போது அந்தச் சட்டம் புதிதாக வந்திருந்தது. மிராசுதார் நிலத்தில் கொட்டகை போட்டுக் குடியிருக்கும் வேலையாட்களுக்கு அந்த மனையே சொந்தம் என்ற சட்டம். எங்கள் தெரு முழுக்க மிராசுதார் நிலத்தில்தான் இருந்தது. கூலி கூடுதலாகக் கேட்டால், "கொட்டகையைப் பிரிச்சிக்கிட்டுப் போ" என்பதுதான் அதுவரை பதில். இனி அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்க்கும் நாளில் கொட்டகையில் ஆள் குடியிருக்க வேண்டும். பூட்டிக் கிடந்தால் குடியில்லை என்று எழுதிவிடுவார்கள். அதிகாரி அடுப்புச் சாம்பலைத் தொட்டுச் சூடு பார்ப்பார் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எந்த வீட்டிலும் அடுப்பு அணையக்கூடாது என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார்கள். நடவுக்குப் போகிறவர்கள்கூட வரட்டியைச் சாம்பலில் மூட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். தெரு முழுக்கப் பகலெல்லாம் புகைந்தது.

மிராசுதாரின் பண்ணையை நிர்வாகம் செய்த காரியக்காரர் அம்மாவிடம் மட்டும் தனியாக வந்து பேசியிருக்கிறார். "ஒம்பொண்ணுதான் டவுன்ல உத்தியோகம் பாக்குறா. ராணி மாதிரி போய் இருக்க வேண்டியதுதானே? சாமான் ஏத்த வண்டி நான் அனுப்புறேன்." அந்த வண்டி என்ற சொல்தான் அம்மாவை உஷார்ப்படுத்தியது. "என்னைக்குமில்லாத திருநாளா எனக்கு வண்டி அனுப்புறானாம், வண்டி!" என்று சொல்லிச் சிரித்தாள்.

"அப்ப நான்?" என்று கேட்டேன். "அந்தம்மா நீ இருக்கன்னுதான் வீடே குடுத்தாங்க."

"கொஞ்ச நாளுதான்டி. அதிகாரி வந்து எழுதிட்டுப் போவட்டும். மறுநா பஸ்ஸேறி வந்துர்றேன். அது வரைக்கும் நீ எப்புடியாவது சமாளி."

ஒரே அம்மா. அவள் இருந்தால்தான் அங்கே மனை, அவள் இருந்தால்தான் இங்கே வீடு. இரண்டு இடத்திலும் அவளை ஆள் கணக்கில் காட்ட வேண்டியிருந்தது.

சமாளித்தேன். வீட்டுக்காரம்மா கண்விழிப்பதற்கு முன்னால் வேலைக்குக் கிளம்பிவிடுவேன், அவள் ஜெபம் செய்துகொண்டோ ரேடியோ கேட்டுக்கொண்டோ இருக்கும் நேரமாகப் பார்த்துத் திரும்புவேன். "அம்மா தூங்குறாங்க", "அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்க", "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று நாளுக்கொன்றாகச் சொன்னேன். அம்மா விட்டுப்போன நீலச் சேலையைத் தினமும் நனைத்துப் பிழிந்து கொல்லைக் கொடியில் போட்டேன். முன்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கொடி தெரியும். ஒருவரும் கட்டாத சேலையைக் கும்மிக் கும்மித் துவைத்திருக்கிறேன். பொய்தான். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. வீடு கேட்கப் போன இடத்தில் எனக்குச் சொல்லப்பட்ட பொய்களோடு பார்த்தால் என்னுடையது துவைத்துக் காயப்போட்ட சுத்தமான பொய்.

சேலையைவிடக் கஷ்டமாக இருந்தது சாயங்காலம். உள்ளே ஆள் இருக்கிறாள் என்று காட்டுவதற்காக நான் பேச வேண்டியிருந்தது. "சோறு வைக்கட்டுமாம்மா?" என்று கேட்பேன். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னுங்கொஞ்சம் போட்டுக்க" என்பேன். முதலில் அது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பிறகு வேடிக்கை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லாம் அந்த அறைக்குள் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். இன்றைக்குச் சீட்டு வாங்க வந்த கிழவர் தன் மாட்டுக்கும் சேர்த்து மருந்து கேட்டார் என்று சொல்லிவிட்டு நானே சிரிப்பேன். சிரித்து முடித்ததும் அறையில் சூழும் நிசப்தம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது! ஹாஸ்டலில் நான் தனிமையாக இருந்தேன் என்று நினைத்திருந்தேன். அது ஒன்றுமே இல்லை. கேட்பதற்கு ஆள் இருப்பதாக நடித்துக்கொண்டு பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

தை பிறந்தது. ஊரில் சம்பா அறுவடை. அதிகாரி வரவில்லை. அம்மா இரண்டொரு முறை வந்தாள், மதியம் வந்து வெயில் தாழ்வதற்குள் கிளம்பினாள். "நாளைக்கு வர்றாங்களாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள், அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வரும்போது கொஞ்சம் புது நெல்லரிசி கொண்டுவருவாள், வீட்டுக்காரம்மாவிடம் ஒரு படி கொடுப்பாள், சத்தமாகப் பேசிவிட்டுப் போவாள். அதை வைத்து நான் சில நாள் ஓட்டுவேன்.

ஒரு விடுமுறை நாளில் நான் கொடியில் சேலையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா கொல்லைக் கதவருகே வந்து நின்றாள். சேலையின் முந்தியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தையல் டீச்சர் அல்லவா!

"இந்தச் சேலை சாயம் போயிருக்கு. ஆனா கீழ ஓரம் தேயவே இல்ல. நடக்கிறவ கட்டுற சேலைன்னா ஓரம் தேயும்" என்றாள்.

நான் கொடியில் சேலையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா எங்கடி?"

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம், மனை, அடுப்பு, காரியக்காரரின் வண்டி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அவள் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து கேட்டாள்.

"தினமும் நீ உள்ள பேசுறியே, அது யாருகிட்ட?"

"யாருகிட்டயும் இல்லைங்க."

அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் மாறியது. "சரி. மனை கைக்கு வர்ற வரைக்கும் பொறுத்துக்கறேன். யாராவது கேட்டா அம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னு நானே சொல்லிக்கறேன். ஆனா மனை வந்ததும் அவங்க இங்க வந்து இருக்கணும். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத" என்றாள். அன்றிலிருந்து நான் சேலையைத் துவைக்கவில்லை. அறைக்குள் பேசுவதையும் நிறுத்திவிட்டேன், அது கேட்கிறது என்று தெரிந்த பிறகு வெட்கமாக இருந்தது. சில மாலைகளில் அவள் வீட்டு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். எனக்காகத்தானா என்று கேட்கும் அளவுக்கு எங்களுக்குள் பழக்கம் இல்லை.

பங்குனியில் அதிகாரி வந்தார். யாரும் சாம்பலைத் தொட்டுப் பார்க்கவில்லையாம். "வெளியில நின்னுக்கிட்டே பேரு என்னன்னு கேட்டாரு. சொன்னேன். எழுதிக்கிட்டாரு. மாசக்கணக்கா வரட்டிய எரிச்சதுக்கு ஒரு எட்டு உள்ள வந்தாவது பாத்துருக்கலாம்" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். சித்திரை கடைசியில் பட்டா வந்தது. அம்மா சொல்லியனுப்பிய சேதியை ஆஸ்பத்திரிக்கு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் ஜன்னலில் சீட்டு வாங்கும்போது சொன்னார். கூட்டம் கத்திக்கொண்டிருந்தது, நான் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை பாதி நாள் வேலை முடித்து, அம்மாவுக்கு ஒரு தலையணையும் புதிதாக ஒரு பாயும் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன்.

அம்மா கொட்டகைக்கு முன்னால் மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. கொட்டகையைச் சுற்றிலும் கயிறு பிடித்து ஒரு குட்டைச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. தெருவில் வேறு சிலரும் இதேபோல் சுவர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை யாரும் அங்கே மண்சுவர்கூட வைக்கத் துணிந்ததில்லை. எப்போது பிரிக்கச் சொல்வார்களோ என்று எல்லாமே கீற்றும் மூங்கிலுமாகத்தான் இருந்தன.

"கை கழுவிட்டுக் கெளம்பும்மா. நாலு மணி பஸ்ஸப் புடிக்கலாம்" என்றேன்.

"உக்காரு. சாப்புட்டியா?"

"அங்க போய்ச் சாப்பிடலாம். அந்தம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அம்மா கையைக் கழுவவில்லை. சுவரின் மேல் ஒரு கை மண்ணை வைத்துத் தட்டினாள். "நான் வரலடி" என்றாள்.

அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் பொறந்தது அவங்க மனை. வாக்கப்பட்டு வந்தது அவங்க மனை. ஒங்கப்பா செத்துக் கெடந்ததும் அவங்க மனை, பொணத்த எடுக்கிறதுக்கு முன்னாடி காரியக்காரங்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தோம். இப்பதான் எம்மனையில உக்காந்திருக்கேன். இத வுட்டுட்டு வந்து, அந்தம்மாகிட்ட கெணத்துல எறைக்கலாமா, செடி வைக்கலாமான்னு கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்றியா? நல்ல மனுஷிதான். ஆனா கேக்கணும்ல? இனிமே நான் யாருகிட்டயும் கேக்க மாட்டேன்."

"வர்றேன்னு சொன்னியேம்மா."

"சொன்னேன். அப்ப இது எனக்குச் சொந்தமில்ல."

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனை மேல், அந்தச் சட்டத்தின் மேல், சுவரில் ஒட்டியிருந்த அவள் கைரேகை மேல் கோபம். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை என்பதுதான் பெரிய கோபம். "அப்ப நான் எங்கம்மா போறது?" என்று கத்தினேன். பக்கத்தில் சுவர் வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க போறதா? இங்க வாடி. இது யாருக்கு? ஒனக்குத்தானே" என்றாள் அம்மா. "பஸ்ஸுல போயிட்டு வா. எதுக்கு அங்க கெடந்து வாடகை அழுவுற?"

முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நான் தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் பாதிக் கூட்டத்துக்கு வேறு யாராவது சீட்டு எழுதி முடித்திருப்பார்கள். தற்காலிக வேலையில் அந்த வேறு யாரோ நிரந்தரமாகிவிடுவார்கள். அம்மாவுக்கு அதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "அப்ப என்னடி பண்றது?" என்று அவளும் என்னையே கேட்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் கை மண்ணைக் குழைத்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நானும் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து ஊற்றினேன். இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் சுவர் வைத்தோம். மறுநாள் மதியம் நான் மட்டும் பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரம்மாவிடம் மறைக்கவில்லை. "வரமாட்டாங்களாம்" என்றேன். அவள் ஏன் என்று கேட்டாள், சொன்னேன். "நானா இருந்தாலும் வரமாட்டேன்" என்றாள். அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அவள் தலையை ஆட்டினாள். "ஆனா நான் சொன்னது சொன்னதுதாம்மா. ஏற்கனவே எதிர்வீட்டுல கேட்டாச்சு. மாசம் முடியற வரைக்கும் இரு. வேற எடம் பாத்துக்க." சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டாலும் காலி செய்யச் சொன்னால் காலி செய்யத்தான் வேண்டும்.

வைகாசி வெயிலில் மறுபடி நடந்தேன். பூக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். ஊரைக் கேட்டார். வேலையைக் கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்வியும் வந்தது.

"கூட யாரு இருக்காங்க?"

"யாருமில்லைங்க. எங்கம்மா ஊர்ல இருக்காங்க."

"ஊர்ல யாரு வீட்டுல?"

அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எவரும் அந்தப் பதிலைச் சொன்னதில்லை. முதல்முதலாகச் சொல்லும் வாய்ப்பு எனக்குத்தான் கிடைத்தது. அந்தக் கோபத்திலும், அந்த வெயிலிலும், சொல்லும்போது என் தலை நிமிர்ந்துவிட்டது.

"சொந்த வீட்டுல" என்றேன்.

அவர் விசிறியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொந்த வீடு இருக்கு, அதுல அம்மாவும் இருக்காங்க. அப்புறம் பெத்தவள விட்டுட்டு நீ எதுக்கும்மா இங்க தனியா வீடு தேடுற?" என்றார். கதவைச் சாத்தும்போது உள்ளே யாரிடமோ, "ஏதோ சரியில்லாத கேஸு" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.